வடக்குக் காடுகளில் மின்னல் தீ: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

டொராண்டோ தம்பி:

2023 ஜூனில் சில நாள் இங்கே சூரியன் வேகாத முட்டைக்கரு மாதிரி தொங்கியது. பால்கனியில் காயப்போட்ட துணியெல்லாம் விறகடுப்பு வாசனை. பக்கத்து மாகாணம் கியூபெக்கில் மின்னல் விழுந்து பிடித்த தீ என்றார்கள். மின்னல் வந்தால் மழையும் வருமே, அப்புறம் காடு எப்படிப் பற்றும்? அன்றிலிருந்து எனக்கு இந்தக் குடைச்சல். வடக்கே இருந்தவர்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். செய்திச் சுட்டி வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது.

வடக்குவாசி:

தம்பி, கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகர் யெல்லோநைஃபில் நான்கு வருடம் இருந்தேன். உங்கள் கேள்விக்குப் பதில் என் கார் பானட்டில் இருந்தது.

அந்த ஜூலையில் ஒரு மாலை. மேற்கே மேகம் கறுத்துக் கட்டியது, மழை இறங்குவதும் தெரிந்தது. ஆனால் சாம்பல் நிறத் திரை மாதிரி பாதி வானத்தில் தொங்கி நின்றதே தவிர, தரையைத் தொடவில்லை. காற்று அவ்வளவு வறட்சி, வழியிலேயே ஆவியாகிவிட்டது. மின்னல் மட்டும் சளைக்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. காரில் படிந்த தூசியில் ஆறு சொட்டு விழுந்த வட்டம். எண்ணிப் பார்த்தேன், ஆறேதான். அதுதான் அன்றைய மழை.

ஆகஸ்ட் 16, புதன்கிழமை சாயங்காலம் ஊரைக் காலி செய்ய உத்தரவு. சுமார் 20,000 பேர், வெள்ளி மதியத்துக்குள் கிளம்ப வேண்டும். தீ அப்போது ஊருக்கு மேற்கே 17 கிலோமீட்டரில். அது அன்றைக்குப் பிடித்ததல்ல, வாரக்கணக்காக எரிந்து மெல்ல நகர்ந்து வந்த தீ. தெற்கே போக ஒரே ஒரு சாலை, அதுவும் தீ வரும் பக்கமாகத்தான் போகிறது. ஓரத்தில் மரங்கள் புகைந்துகொண்டிருந்தன. எனக்கு முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். மூன்று நாள் முன்பு என்டர்பிரைஸ் என்ற சின்ன ஊர் அநேகமாக முழுதும் எரிந்துபோயிருந்தது. அந்த வழியாகப் போகும்போது காரில் யாரும் பேசவில்லை.

எங்கள் ஊருக்குள் தீ வரவில்லை. செப்டம்பர் 6 முதல்தான் திரும்ப விட்டார்கள். கதவைத் திறந்தால் குடலைப் பிடுங்கும் நாற்றம். இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும் சமையல் மேடையிலேயே மூன்று வாரமாக இருந்திருக்கின்றன! புகை வாசனை போக ஒரு மாதம் ஆனது. அந்தப் பாத்திரத்தைத் தூக்கியே போட்டுவிட்டோம்.

பழைய ராகம்:

எல்லாம் சரி. மின்னல் ஆதிகாலத்திலிருந்து அடிக்கிறது, காடும் எரிகிறது. இப்போது மட்டும் ஏன் பருவநிலை மாற்றம் என்று கூப்பாடு? பாதித் தீ எவனாவது கொளுத்திவிட்டதாகத்தான் இருக்கும்.

சுள்ளி:

பழைய ராகம் சார், அந்தப் 'பாதி' என்பது ஓரளவு சரிதான். வனவியல் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் சராசரியாகப் பாதித் தீ மனிதரால் வருவது. முகாம் நெருப்பு, ரயில், மின்கம்பி, சில சமயம் வேண்டுமென்றே வைப்பது. ஆனால் எரிகிற பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் மின்னல் தீயின் கணக்கு. மனிதர் வைக்கும் தீ சாலைப் பக்கம், ஊர்ப் பக்கம். யாராவது பார்த்துவிடுவார்கள், வண்டி வந்துவிடும். மின்னலுக்குச் சாலை தேவையில்லை. அதோடு ஒன்றிரண்டாக விழுவதும் இல்லை. தம்பி பார்த்த புகைக்குக் காரணம், 2023 ஜூன் 1ஐ ஒட்டி கியூபெக்கில் இடியோடு நூற்றுக்கும் மேற்பட்ட தீ ஒரே வீச்சில் கிளம்பியது. எத்தனை ஹெலிகாப்டர் இருந்தாலும் நூறு இடத்துக்கு ஒரே நாளில் எங்கே போவது?

மின்னல் பழசுதான், அதில் சண்டை இல்லை. அது விழுகிற தரைதான் மாறியிருக்கிறது. சூடான காற்று நிலத்தின் ஈரத்தை அதிகமாக உறிஞ்சும். ஒரு டிகிரி கூடினால், மேலே கிடக்கும் சருகு பழைய ஈரத்திலேயே இருக்க மழை 15 சதவீதத்துக்கு மேல் கூட வேண்டும் என்று காட்டுத்தீ ஆய்வாளர் மைக் ஃபிளானிகனின் குழு 2016இல் கணக்குப் போட்டது. அந்த அளவுக்கு மழை கூடவில்லை. பனி சீக்கிரம் உருகுவதால் காடு காய நாளும் அதிகம். மின்னலும் சும்மா இல்லை. தரை சூடானால் இடிமேகம் எழ ஏதுவாகிறது. 2014இல் வடமேற்குப் பிரதேசங்களும் 2015இல் அலாஸ்காவும் எரிந்ததை ஆராய்ந்த சாண்டர் வெராவெர்பெகே குழு, 1975 முதலே அங்கே மின்னல் பற்றவைக்கும் தீ கூடிவருகிறது என்று 2017இல் எழுதியது.

காட்டுக்குத் தீ எதிரி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கறுப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் காய் பிசினால் பாதி ஒட்டிக்கிடக்கும், சூடு பட்டால்தான் நன்றாக விரிந்து விதையைக் கொட்டும். ஆனால் புது மரம் காய்க்கும் வயதுக்கு வருவதற்குள் அடுத்த தீ வந்தால் கொட்ட விதையே இருக்காது.

நாலாவது ஆள்:

நான் ஒண்டாரியோவின் வடமேற்கில் இரண்டு கோடை தீயணைப்புக் குழுவில் வேலை செய்தனான். நான்கு பேர் ஒரு குழு, ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். 2021இல் அந்த மாகாணத்தில் மட்டும் கிட்டத்தட்ட 8 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. அம்மாவுக்கு 'பூங்காவில் வேலை' என்று சொல்லி வைத்திருந்தேன்.

மின்னல் விழுந்த மரத்தை அடையாளம் காண்பது லேசு. உச்சியிலிருந்து அடிவரை பட்டை உரிந்து, கயிறு சுற்றின மாதிரி ஒரு வெள்ளை வடு இருக்கும். சுற்றிவரப் பட்டைத் துண்டுகள் சிதறிக் கிடக்கும். பெரிய சுவாலையாக எரியும் என்று நினைத்துத்தான் முதல் நாள் போனேன். ஒன்றையும் காணவில்லை. பாசியும் ஊசியிலையும் மட்கிப்போய் மெத்தை மாதிரி கிடக்கிற தரை, அதற்குள் இருந்து ஒரு நூல் புகை. அவ்வளவுதான்.

ஊரில் உமிக் குவியலில் கங்கு விழுந்தால் என்ன செய்யும்? மேலே ஒன்றும் தெரியாது, உள்ளுக்குள் குடைந்துகொண்டே போகும். அதேதான். கையுறையைக் கழற்றிப் புறங்கையை மண்ணுக்குக் கிட்டப் பிடித்து, அங்குலம் அங்குலமாகச் சூடு பார்த்துக்கொண்டு ஊர்வோம். சூடு தட்டினால் வெட்டிக் கிளறித் தண்ணீர் விட்டுக் கூழாக்க வேண்டும். ஓர் இடத்தில் முடித்துவிட்டோம் என்று சாப்பிட உட்கார்ந்தோம். எனக்குப் பின்பக்கம் சுட்டது. பகிடி இல்லை. வேர் வழியாக வந்து நான் இருந்த இடத்துக்குக் கீழேயே தணல்!

மின்னல் விழுந்து ஒரு வாரம் கழித்துக்கூட இப்படி எழும்பும். ஈரமான வருடம் என்றால் தானே அவிந்துபோகும். காய்ந்த வருடத்தில் ஒரு காற்று நாளுக்காகக் காத்துக்கொண்டு கிடக்கும். வானம் வெளிச்சுப் போய், மின்னலையே மறந்திருக்கிற நேரத்தில் புகை கிளம்பும். அதனால்தான் எவனோ கொளுத்தினான் என்ற கதையும் கிளம்புகிறது, பழைய ராகம் அண்ணை.

பழைய ராகம்:

ஒரு வாரம் கழித்தா? அது தெரியாது. சரி.

ஸ்டாக்ஹோம் மாமி:

சுவீடனிலும் 2018இல் இது நடந்தது. மே முதலே மழை இல்லை, ஜூலை கொதித்தது. லியூஸ்டால் பக்கம் ஜூலை நடுவில் மின்னல் விழுந்து பிடித்த தீதான் பெரிது. நாடு முழுக்கச் சுமார் 25,000 ஹெக்டேர் போயிற்று. கனடாக்காரர்களுக்கு இது சுண்டைக்காய், எங்களுக்கு அப்படி இல்லை. தண்ணீர் ஊற்ற விமானம் இத்தாலியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்தது. போலந்துத் தீயணைப்பு வண்டிகள் வரிசையாக வந்தபோது ஜனங்கள் சாலையோரம் நின்று கொடி காட்டினார்கள். சுவீடன்காரர்கள் கை தட்டி நான் பார்த்ததே அபூர்வம். ராணுவப் பயிற்சிக் காட்டில் பிடித்த தீயின் மேல் கிரிப்பென் போர் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள், வெடிப்பு ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு தீயை அணைக்கும் என்று. கேட்டதும் என் வீட்டுக்காரர், இனி நம் அடுப்பை அணைக்கவும் விமானப்படையைக் கூப்பிடலாம் என்றார்.

லாரிக்காரன்:

நான் பார்த்தது குளிர்காலத்தில். யாரும் இதைச் சொல்லாததால் எழுதுகிறேன்.

2024 ஜனவரி, பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகிழக்கில் லோடு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல குளிர். சாலைக்கு வலப்பக்கம் வெள்ளை வெளேரென்ற சதுப்பு நிலம், நடுவில் சமையலறைப் புகைபோக்கி மாதிரி ஒல்லியாக ஒரு புகை. வீடு ஏதும் இல்லை. டீசல் போட நிறுத்திய இடத்தில் கேட்டேன். 'போன கோடைத் தீ, இன்னும் கீழே எரிகிறது' என்றார் கடைக்காரர், சில்லறையை எண்ணிக்கொண்டே. அந்தக் குளிர்காலத்தில் மாகாணத்தில் அப்படித் தொண்ணூறுக்கும் மேல் இருந்ததாம். சதுப்பில் செடிகள் மட்கிக் கிடக்கும் படுகைக்குள் புகுந்துவிட்டால் மேலே பனி கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை. வசந்தத்தில் பனி விலகியதும் எழுந்து வரும், புது மின்னல்கூடத் தேவையில்லை.

திரும்பி வரும்போது வண்டியை ஓரங்கட்டிக் கிட்டப் போய்ப் பார்த்தேன். புகை வந்த இடத்தில் பனி உருகி ஒரு குழி, ஓரமெல்லாம் பழுப்பு. உள்ளே எட்டிப் பார்த்தால் கறுப்புதான் தெரிந்தது.

டொராண்டோ தம்பி:

படம் எடுத்தீர்களா அண்ணா?

லாரிக்காரன்:

எடுத்தேன் தம்பி. வெள்ளையில் வெள்ளைப் புகை, ஒன்றும் விழவில்லை.