ஆந்த்ரகோத்: விலாவிடையா, இடைவிலாவா?

பாரிஸ் ஆசிரியை எழுதியது:
வணக்கம். இங்கே உணவகச் சமையலறைகளில் வேலைக்குச் சேரும் நம் பெடியளுக்குப் பிரெஞ்சு வகுப்பு எடுக்கிறேன். சனிக்கிழமை இறைச்சிச் சொற்பட்டியல் அச்சுக்குப் போகிறது. ‘ஆந்த்ரகோத்’ என்ற சொல்லில் நிற்கிறேன். ‘ஆந்த்ர்’ என்றால் இடையில்; ‘கோத்’ என்றால் விலா எலும்பு. பழைய பொருள், இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே வெட்டிய மாட்டிறைச்சி. இன்று எலும்பு நீக்கிய விலாப்பகுதித் துண்டுக்கே அந்தப் பெயர். எலும்போடு இருந்தால் ‘கோத் து பெஃப்’. ‘இடைவிலா’ என்று போடலாமா?

மதுரைப் பேராசிரியர்:
இடைவிலா என்றால் நடுவில் இருக்கும் விலா என்றுதான் பொருள்படும், அம்மா. விலாவுக்கு இடைப்பட்டது விலாவிடை. வகர உடம்படுமெய், அவ்வளவுதான்.

சிங்கப்பூர் அன்பர்:
ஐயா, இல்முன் முன்றில் ஆகவில்லையா? இல்வாய் வாயில் ஆகவில்லையா? அவற்றைப் போல முன்பின்னாக மாறி நிற்கும் இலக்கணப்போலியாகக் கொண்டால் இடைவிலாவும் நிற்கும். இன்னொன்று: ‘கோத்’துக்கு மூலமான இலத்தீன் ‘கோஸ்தா’ முதலில் விலா, பிறகு பக்கம். கடற்கரையைக் குறிக்கும் ஆங்கிலக் ‘கோஸ்ட்’டும் அதன் வழிவந்ததே. நம் ‘மருங்கு’ம் பக்கம்தான். ‘மருங்கூன்’ என்றால் எவ்வளவு அழகு!

மதுரைப் பேராசிரியர்:
ஊன் என்றதும் பொருநராற்றுப்படை நினைவுக்கு வருகிறது: “காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை.” கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த துண்டு. சூடு பொறுக்காமல் வாயின் இரு பக்கமும் மாற்றி மாற்றி ஒற்றித் தின்கிறார்கள். துண்டுக்குக் ‘குறை’ என்ற சொல் இருக்கும்போது ‘விலாக்குறை’ ஏன் கூடாது?

பாரிஸ் ஆசிரியை:
‘குறை’ என்றால் இறைச்சியில் ஏதோ பழுது என்று நினைப்பார்கள், ஐயா. இடை, மருங்கு இரண்டும் இடுப்பையும் குறிக்கும். இடுப்புப் பக்கம் என்று எடுத்தால் கையில் வருவது ஃபிலே, முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மென்மையான தசை. அதில் கொழுப்பு மிகக் குறைவு. ஆந்த்ரகோத்தில் நடுவே ஒரு கொழுப்புத் திரள், சதைக்குள் வெள்ளை இழைகள். ‘ஆந்த்ரகோத், சென்யான்’ என்று செஃப் கூவினால், உள்ளே இரத்தச் சிவப்பு மாறாமல் இந்தத் துண்டைச் சுட்டுத் தர வேண்டும். ஃபிலேயைப் போட்டுவிட்டால் பெடியனுக்குத்தான் ஏச்சு.

கோவை நண்பர்:
இங்கே கறிக்கடையில் ஆட்டு விலாவைச் சாப்ஸ் என்றுதான் கேட்போம். அதில் எலும்பு இருக்கும். ‘எலும்பில்லா விலாக்கறி’ என்று போடுங்க அக்கா.

பாரிஸ் ஆசிரியை:
எங்கட பக்கம் கறி என்றால் குழம்பு, தம்பி. ‘எலும்பில்லா விலா இறைச்சி’ என்று மாற்றுகிறேன். தலைச்சொல் ஆந்த்ரகோத்தாகவே இருக்கட்டும். சமையலறையில் காதில் விழப்போவது அதுதான்.

சிங்கப்பூர் அன்பர்:
சரி, அச்சுக்கு நேரமாகிறது. நானும் ஒத்துக்கொள்கிறேன்.

மதுரைப் பேராசிரியர்:
அனுப்புங்கள். ஆனால் இது விளக்கமே தவிரக் கலைச்சொல் ஆகாது. பிரெஞ்சுக்காரர் ஒரே சொல்லில் சொன்னதற்கு நாம் மூன்று சொல் செலவழிக்கிறோம், அதிலும் ‘இடை’ காணாமல் போய்விட்டது. அடைப்புக்குறிக்குள்ளாவது விலாவிடையை வையுங்கள்.