பொருள்: ‘கரோசிவ்’ தோட்டாவுக்குத் தமிழ்: அரிப்பா, உப்பா?

அன்புள்ள குழுவினருக்கு,

மோசின்-நாகான் 91/30 என்ற பழைய ரஷ்ய ரைஃபிளின் பராமரிப்புக் கையேட்டில், தோட்டா அமரும் அறையை அடைக்கும் போல்ட்டுக்குத் ‘தாழ்’, குழலுக்குள் திருகிச் செல்லும் வரிகளான ரைஃபிளிங்குக்குப் ‘புரி’, தோட்டாவின் உலோக உறையான கார்ட்ரிட்ஜ் கேஸுக்கு இலங்கை வழக்கான ‘கோது’ என்று முடிவாகிவிட்டது. சுட்டபின் குழலைத் துருப்பிடிக்க வைக்கும் தோட்டாவைக் குறிக்கும் ‘கரோசிவ்’ மட்டும் பாக்கி. வரைவில் இப்போதைக்கு ‘அரிக்கும் தோட்டா’ என்று இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

---

> வரைவில் இப்போதைக்கு ‘அரிக்கும் தோட்டா’ என்று இருக்கிறது

வேண்டாம். தொட்டால் கை அரிக்குமோ என்று ஒருவர் நினைப்பார், உள்ளே அமிலம் இருக்கிறது என்று இன்னொருவர் நினைப்பார். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அமிலம் என்று நம்புகிறவர் அதை முறிக்க வழி தேடுவார். புகையில்லா வெடிமருந்து விட்டுப்போகும் அமிலம்தான் குழலைத் தின்கிறது என்று ஒரு காலத்தில் துறைக்காரர்களே நம்பினார்கள். அது உப்பு வேலை என்று 1920-களில்தான் தெளிவாயிற்று.

பழைய சோவியத் ராணுவத் தோட்டாவின் கேப்பில், அதாவது ஊசி அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில், பாதரச ஃபல்மினேட், பொட்டாசியம் குளோரேட், ஆன்டிமனி சல்ஃபைடு மூன்றும் இருக்கும். வெடிக்கும்போது குளோரேட் தன் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாக மாறுகிறது. குழல் முழுக்கப் படிவது அந்த உப்புதான். உப்பு தானாக இரும்பைத் தின்னாது. காற்றில் ஈரப்பதம் 84 சதவீதத்தை ஒட்டி ஏறும்போது, மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதுபோல, அது நீரை இழுத்துக் கரையும். அந்த உப்புநீர்ப் படலத்தின் அடியில்தான் துரு கிளம்புகிறது. மருந்திலோ, பாய்ந்து செல்லும் குண்டான சன்னத்திலோ, கோதிலோ குற்றமில்லை. எனவே சொல்லில் ‘உப்பு’ வரட்டும். என் பரிந்துரை: உப்புத் தோட்டா.

---

உப்பு வேண்டும் என்பதில் உடன்படுகிறேன். ஆனால் ‘உப்புத் தோட்டா’ என்ற பெயருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ஈயக் குண்டுக்குப் பதில் கல்லுப்பு அடைத்த ஷாட்கன் தோட்டா உண்மையிலேயே உண்டு. ஆளைக் கொல்லாமல் விரட்டத் தோட்டக் காவலர்கள் வைத்திருந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் குழம்பிப்போகும்.

‘உப்பெச்சத் தோட்டா’ என்று வைத்தால்? சுட்டபின் உப்பை எச்சமாக விடும் தோட்டா.

---

> உப்பெச்சத் தோட்டா

இலக்கணம் சரி. ஆனால் எச்சம் என்றதும் காக்கைதான் நினைவுக்கு வரும். அதோடு இது தோட்டா முழுவதற்குமான பெயர். உப்பு பிறப்பது கேப்பில். அதே கோது, அதே சன்னம், அதே மருந்து வைத்துக் கேப்பை மட்டும் மாற்றினால் தொல்லை தீர்ந்துவிடும். இன்றைய ரஷ்ய வணிகத் தோட்டா அப்படித்தான் வருகிறது. ஆகவே பெயரை உறுப்பின்மேல் வைப்போம்: உப்புக்கேப்பு. அதற்கு எதிர், உப்பிலாக் கேப்பு.

ஃபல்மினேட்டில் இருக்கும் பாதரசம் வேறு கதை. அது குழலை ஒன்றும் செய்யாது, பித்தளைக் கோதில் ஏறி அதை நொறுங்க வைக்கும். அதற்குப் ‘பாதரசக் கேப்பு’ என்று தனிச்சொல் வேண்டும், இதோடு கலக்கக் கூடாது.

---

‘கேப்பு’ ஆங்கிலம் அல்லவா? ‘எரிமூடி’ என்றோ ‘பொறிமூடி’ என்றோ ஆக்கலாமே. கலைச்சொல் குழு என்று பெயர் வைத்துக்கொண்டு பாதி வேலையோடு நிறுத்தலாமா?

---

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் தீபாவளித் துப்பாக்கியின் சுருள் கேப்பைத் தெரியாத தமிழ்க் குழந்தை இல்லை. அந்தக் கேப்பிலும் இதே குளோரேட்தான், கூடச் சிவப்புப் பாஸ்பரஸ். தீபாவளி முடிந்து ஐப்பசி மழையில் நாலு நாள் போட்டுவைத்த தகரத் துப்பாக்கியை எடுத்துப் பாருங்கள். கேப்பு வெடித்த இடத்திலும் குதிரையின் நுனியிலும்தான் முதலில் செம்பழுப்பு ஏறியிருக்கும். ‘உப்புக்கேப்பு’ என்றதும் வாசகர் மனதில் அந்தப் படம் வரும். ‘எரிமூடி’க்கு அப்படி ஒரு படம் இல்லை.

சொல் சரியா என்பதற்கு என் சோதனை இதுதான்: அதைக் கேட்டதும் கை எதைத் தேடுகிறது? ‘அரிக்கும்’ என்றால் எண்ணெய்ப் புட்டி. ‘உப்பு’ என்றால் தண்ணீர். பொட்டாசியம் குளோரைடு எண்ணெயில் கரையவே கரையாது. 100 கிராம் தண்ணீரில் 20 டிகிரியில் ஏறக்குறைய 34 கிராம் கரையும், கொதிநிலையில் 56. உப்பின்மேல் எண்ணெய் பூசினால் அதை மூடிப் பத்திரப்படுத்தியதாகத்தான் ஆகும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா திரவத்தைப் பலர் குழலில் அடிக்கிறார்கள். அம்மோனியா இந்த உப்பை முறிப்பதில்லை. அந்தத் திரவத்தில் இருக்கும் தண்ணீர்தான் வேலை செய்கிறது. அம்மோனியாவால் ஆவது, புரியில் ஒட்டிய செம்பைக் கொஞ்சம் இளக்குவது மட்டும்.

சோவியத் ராணுவத்துக்கு இது தெரிந்தே இருந்தது. மோசினோடு வரும் இரட்டை வாய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துப் பாருங்கள். ஒரு வாயருகே ‘ஷ்ச்சா’ (Щ) என்ற ரஷ்ய எழுத்து, அது காரக் கரைசலுக்கு. மற்றதில் ‘என்’ (Н), அது எண்ணெய்க்கு. முதலில் நீர் கலந்த காரம், பிறகு எண்ணெய் என்ற வரிசைக்குத்தான் அந்த இரண்டு வாய்.

---

> ‘உப்பு’ என்றால் தண்ணீர்

இதற்குமேல் எனக்கு வாதமில்லை. ‘எரிமூடி’யை விட்டுவிடுகிறேன், உப்புக்கேப்பே இருக்கட்டும். ஆனால் பதிவில் செய்முறையும் வேண்டும். பெயரை மட்டும் தெரிந்துகொண்டு ஒருவர் குழலை எப்படிக் காப்பாற்றுவார்?

---

செய்முறை, கையேட்டில் அப்படியே போடும்படி:

உப்புக்கேப்புத் தோட்டா சுட்ட துப்பாக்கியை அன்றே கழுவவும். தோட்டா அமரும் அறையும் தோட்டாப் பெட்டியும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தபின், விசையை இழுத்துப் பிடித்தபடி தாழைப் பின்னால் உருவினால் கையோடு வந்துவிடும். குழல்வாய் கீழே வாளியில் இருக்க, அறைப் பக்கத்திலிருந்து குழாய் மாட்டிய புனல் வழியாக அரை லிட்டர் கொதிநீர் ஊற்றவும். புனல் நேரே அறைக்குள் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பெட்டிக்குள்ளும் கட்டைக்கும் குழலுக்கும் இடையிலும் இறங்கித் தங்கி, வெளியே தெரியாமல் அங்கே துரு பிடிக்கும். கொதிநீரில் ஒரு நன்மை, இரும்பு சூடேறித் தானே உலர்ந்துவிடும். பிறகு ஈரத்துணி இரண்டு, உலர்துணி நாலைந்து, கடைசியில் எண்ணெய். துணி மாட்டிய கம்பியை அறைப் பக்கத்திலிருந்தே விடவும். முன்பக்கமிருந்து விட்டால் குழல்வாயின் விளிம்பு தேய்ந்து குறி சிதறும்.

தாழின் தலையைக் கழற்றி அதன் முகத்தையும், ஊசி வெளிவரும் துளையையும், ஊசி நுனியையும் தனியே கழுவவும். பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இடம்தான். மறுநாள் வெள்ளைத் துணி ஒன்றை ஓட்டிப் பார்க்கவும். செம்பழுப்பு வந்தால் உப்பு மிச்சமிருக்கிறது, மறுபடி தண்ணீரிலிருந்து தொடங்கவும்.

எஸ்.வி.டி-40, எஸ்.கே.எஸ் போன்ற, சுடும்போது எழும் வாயுவின் அழுத்தத்தால் இயங்கும் சோவியத் துப்பாக்கிகளுக்கு இது போதாது. வாயு உருளை, உந்துதண்டு, எஸ்.வி.டி-யின் ஐந்துநிலை வாயுத் திருகு வரைக்கும் உப்பு போகும். குழலுக்குள் குரோம் பூசிய எஸ்.கே.எஸ் என்றாலும் இந்த உறுப்புகளையும் கழுவவும்.

எந்தத் தோட்டா உப்புக்கேப்பு என்பதற்கு டப்பாவில் எச்சரிக்கை தேட வேண்டாம். 440 தோட்டா அடைத்த அந்தப் பச்சைத் தகர டப்பாவில் அப்படி எதுவும் எழுதியிருக்காது. கோதின் அடியில் ஆலை எண்ணும் ஆண்டும் இருக்கும்: 188 என்றால் நோவோசிபிர்ஸ்க், 17 பர்னாவுல், 60 இன்றைய பிஷ்கெக்கான ஃப்ரூன்சே. சோவியத் கால ராணுவச் சரக்கு என்றால் உப்புக்கேப்பு என்றே வைத்துக்கொள்ளவும். செம்பு நிறமா, பச்சை வார்னிஷா என்ற கோதின் தோற்றம் இதற்கு அடையாளமல்ல.

---

ஒரு சேர்க்கை. வாய் தேய்ந்த பழைய குழல்களைப் படைக்கலச் சாலைகள் முன்பக்கத்தில் சற்று அகலமாகக் கடைந்து புதுப்பித்தன. ‘கவுண்டர்போர்’ என்பது அதுதான். அந்தக் கடைசல் முடிந்து புரி தொடங்கும் இடத்தில் ஒரு படி இருக்கும், துணி அங்கே சரியாகப் படாது. உப்புத் தங்க அதுவே தோதான இடம். பல் துலக்கும் பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்து முன்பக்கமிருந்து அந்தப் படியை மட்டும் தேய்க்கவும். இந்த அமைப்புக்கு ‘வாய்க்குடைவு’ என்று வைக்கலாமா?

---

‘உப்புக்கேப்பு’, ‘உப்பிலாக் கேப்பு’, ‘பாதரசக் கேப்பு’ மூன்றையும் ஏற்றிவிட்டேன். வரைவில் ‘அரிக்கும் தோட்டா’ வந்த இடமெல்லாம் மாற்றியாயிற்று. செய்முறை தாழ் பிரிக்கும் இயலுக்கு அடுத்து வரும். ‘வாய்க்குடைவு’ என்பதைக் குழல்வாயில் விழுந்த பள்ளம், பழுது என்று படித்துவிடுவார்கள். அது வேண்டுமென்றே செய்த கடைசல் என்பது தெரிய வேண்டும். ‘வாய்க்கடைசல்’ எப்படி? அதைத் தனி இழையில் பேசுவோம்.