புதுப்பிப்பு: பள்ளி உரத்தொட்டியும் புத்தகச் சேகரிப்பும்

எங்கள் தொடக்கப் பள்ளியின் உரத்தொட்டி நாறுவதைப் பற்றியும், புத்தக நன்கொடைத் திட்டம் தேங்கி நிற்பதைப் பற்றியும் முன்பு இங்கே கேட்டிருந்தேன். மதிய உணவுக் கழிவில் நைட்ரஜன் மிகுதி என்பதால், கரிமமும் நைட்ரஜனும் ஏறக்குறைய 30-க்கு 1 என்ற விகிதத்தில் அமையும்படி காய்ந்த சருகையும் கிழித்த அட்டையையும் சேர்க்கச் சொன்ன ஆலோசனை பலித்தது. இப்போது கிளறினால் ஈரமண் வாசனைதான் வருகிறது. குவியலின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அழிந்துவிடும் என்று அறிந்ததிலிருந்து, வெப்பமானியைச் செருகிப் பார்க்க மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடையே போட்டியே நடக்கிறது. பக்கம் கிழிந்த புத்தகங்களையும் அவர்களே பிரித்து ஒதுக்கினார்கள் (கொடுத்த பெற்றோர் சிலருக்கு அதில் வருத்தம்தான்). நல்லவை மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குச் செல்கின்றன. சலித்த உரத்தை விற்று வரும் தொகையில் அங்கே ஓர் அலமாரி வாங்கித் தரத் தலைமையாசிரியர் இசைந்துள்ளார்.