எங்கள் தங்கமீனுக்கு வயதாகிவிட்டதா, நோயா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் எங்கள் வீட்டுத் தொட்டியில் வளரும் தங்கமீன் ஒன்று சில நாட்களாக ஒரு பக்கம் சாய்ந்தபடி மேற்பரப்பிலேயே மிதக்கிறது. இரை போட்டால் மட்டும் வாலை வேகமாக அசைத்துக் கீழே இறங்க முயன்று, மூச்சு வாங்குவதுபோல் மீண்டும் மேலே வந்துவிடுகிறது. பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

"வயதாகிவிட்டது, விட்டுவிடுங்கள்" என்று பலரும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கப்பி மீன்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் தங்கமீன் நல்ல பராமரிப்பில் 10 ஆண்டுகளைத் தாண்டியும் வாழும். இங்கிலாந்தில் டிஷ் என்ற தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999-இல்தான் இறந்தது. எங்களுடையது ஐந்து வயதுகூட நிரம்பாதது.

ஆகவே, இது மீன் மிதக்க உதவும் உள்ளுறுப்பான காற்றுப்பையின் கோளாறா, அல்லது தண்ணீரின் குறையா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன். தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால், ஆழ்துளைக் கிணற்று நீரை விடுத்து, ஒகேனக்கல் குடிநீரைக் குளோரின் நீக்கிப் பயன்படுத்துவது நல்லதா? மீன்களுக்கும் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவர் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்.