மே தின ஊர்வலத்தில நுண்கடன் பெண்களின்ர அணி: என்னென்ன ஆயத்தம் வேணும்?

படலையடி:
வடமராட்சி, தென்மராட்சிப் பக்கம் நுண்கடனில மாட்டுப்பட்ட பெண்கள் 40 பேர் இந்தமுறை மே தினத்துக்கு யாழ்ப்பாணம் ரவுணுக்கு வந்து தனி அணியா நடக்கப் போகினம். தொழிற்சங்கங்களின்ர கூட்டு ஊர்வலம் அது. நல்லூரில தொடங்கி முற்றவெளியில முடியும். அணிக்கு இடம் தரலாம் எண்டு ஏற்பாட்டுக் குழு சொல்லியிட்டுது. கோரிக்கை இரண்டுதான். தவணை அறவிட வாறவை பொழுதுபட்டாப் பிறகு வீடுகளுக்கு வரக்கூடாது. ஊர்ச் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அரசு பணம் ஒதுக்கி, அதுக்குள்ளால குறைஞ்ச வட்டிக்குக் கடன் குடுக்க வேணும்.

பொலிஸிட்டத் தனியா அனுமதி எடுக்க வேணுமோ? பதாகை என்ன அளவில, எதில செய்யிறது? சவப்பெட்டி ஒண்டு காவுவம் எண்டு ஒரு பகுதி நிக்குது. கடன் கொம்பனி வாசலில பத்து நிமிசம் குந்துவம் எண்டு இன்னொரு பகுதி. படத்தில முகம் வந்தால் அடுத்த கிழமை வீட்டில வந்து கத்துவினம் எண்ட பயமும் கனபேருக்கு இருக்கு. பிள்ளையளை விட்டுட்டு வர ஏலாதவையும் இருக்கினம்.

நீதிமன்ற வீதி:
முதல் கேள்விக்கு மட்டும் பதில். "அனுமதி" எண்ட சொல்லையே விடுங்கோ. பொலிஸ் கட்டளைச் சட்டம் 77ஆம் பிரிவு கேட்கிறது அறிவித்தல். ஊர்வலம் தொடங்க ஆகக் குறைஞ்சது 6 மணித்தியாலத்துக்கு முன்னம், தொடங்கிற இடத்துக்குக் கிட்டின பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில குடுக்க வேணும். ஏற்பாட்டுக் குழு குடுத்தது உங்களுக்கும் காணும், நீங்கள் நல்லூரில அவையோட சேர்ந்து தொடங்கினால். பஸ்ஸால இறங்கி வேறொரு சந்தியில இருந்து கோசம் போட்டபடி நடந்துவந்து சேர்ந்தால் அது தனி ஊர்வலம், அதுக்குத் தனி அறிவித்தல். பிழைக்கிறது பெரும்பாலும் இந்த இடத்திலதான். ஆகவே சுலோக அட்டைகளைக் கட்டினபடி கொண்டுவந்து நல்லூரில பிரியுங்கோ.

கடிதத்தை இரண்டு பிரதி அடிச்சு, ஒண்டில நேரத்தோட சீல் வாங்கி வைச்சிருங்கோ. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரி நிபந்தனை போடலாம், தடுக்கவும் செய்யலாம். ஒலிபெருக்கிக்கு 80ஆம் பிரிவின்படி வேற பத்திரம் வேணும். கையில பிடிக்கிறதெண்டாலும் ஏற்பாட்டுக் குழு எடுத்த பத்திரத்துக்குள்ள அதையும் போடச் சொல்லுங்கோ.

கடைசி நேரத்தில பொலிஸ் நீதவானிட்டப் போய் குற்றவியல் நடவடிக்கைக் கோவை 106ஆம் பிரிவில தடையுத்தரவு எடுக்கிற வழக்கம் இருக்கு. அது 14 நாளுக்கு மேல நிக்காது. வாயால சொன்னால் விடாமல் பிரதியைக் கேட்டு, ஆரின்ர பேர், எந்த வீதி எண்டு வாசியுங்கோ. பேர் இல்லாத ஆக்களையும் அதைக் காட்டித் திருப்பி அனுப்பிறது நடக்கிறது. மாத்தச் சொல்லி அதே நீதிமன்றத்தில விண்ணப்பிக்கலாம். உரிமை மீறல் எண்டால் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறையிட்டால், விசாரணை நடக்கிற காலம் கணக்கில வராது. யாழ்ப்பாணத்திலயே பிராந்திய அலுவலகம் இருக்கு.

இன்னொண்டு. வெசாக் கிட்ட வாற வருசங்களில திகதியை வர்த்தமானியில பாருங்கோ. 2018இல அரசு மே தின விடுமுறையை மே 7க்கு மாத்தினது.

சோளகம்:
பதாகைக்கு ஃபிளெக்ஸ் வேண்டாம். மே பிறக்கச் சோளகக் காத்தும் (தென்மேற்குப் பருவக்காத்து) எழும்பிவிடும். 12 அடி ஃபிளெக்ஸ் அந்தக் காத்துக்குப் பாய் மாதிரிப் புடைச்சு, பிடிக்கிற இரண்டு பேரையும் றோட்டுக் கரைக்குத் தள்ளும். காத்துப் போக ஓட்டை வெட்டினால் எழுத்துக்குள்ளால கிழியும். பருத்தித் துணி எடுங்கோ, 12 அடிக்கு 3 அடி. இரண்டு அந்தத்திலயும் 3 இஞ்சி மடிச்சுத் தைச்சுக் குழாய் நுழைய உறை விடுங்கோ, நடுவிலயும் ஒண்டு. ஒரு இஞ்சி பிவிசி குழாய் மூண்டு காணும். முக்கால் இஞ்சி வளையும். மூங்கில் கைக்குப் பாரம், மற்றது பொல்லு எண்டு மறிப்பினம்.

எழுத்துக் கணக்கு: 12 அடி எண்டால் 144 இஞ்சி. கரைக்கு ஒவ்வொரு அடி விட்டால் மிச்சம் 120. எட்டு இஞ்சி உயர எழுத்துக்குச் சராசரியா எட்டு இஞ்சி அகலம், ஆகவே இடைவெளியோட சேர்த்து வரிக்கு 15 எழுத்து. இரண்டு வரிக்கு மேல எழுதாதேங்கோ. வரிக்கிடையில நாலு இஞ்சியாவது விடாட்டி மேல்வரி எழுத்தின்ர வாலும் கீழ்வரிக் குத்தும் (மெய்யெழுத்துக்கு மேல வைக்கிற புள்ளி) முட்டும். குத்தைப் பெரிசா வைக்க வேணும். தூரத்தில முதல் காணாமல்போறது அதுதான், குத்துப் போனால் சொல்லே மாறிப்போம். எனாமல் பெயின்ற் ஒரு முழுநாள் காயவேணும். அரைகுறையாச் சுருட்டினால் ஒட்டிக்கொண்டு உரியும்.

முற்றவெளி:
படலையடி தங்கச்சி, 40 பேர் மூண்டு பேர் வரிசையா நிண்டால் 20 மீற்றருக்குக் கிட்ட வரும். நல்ல அளவு. கரையில நிண்டு பார்க்கிற ஒருத்தருக்கு முன்னால நீங்கள் நிக்கிறது கிட்டத்தட்ட 20 செக்கன். அதுக்குள்ள அவருக்கு என்ன விளங்க வேணுமோ அதைத்தான் காவ வேணும்.

அதால சவப்பெட்டி வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். கடனால உயிரை மாய்ச்ச பெண்களின்ர குடும்பங்கள் உங்கட அணியிலயே நடக்கக்கூடும். அவையின்ர மனத்தை ஒருக்கா நினையுங்கோ. அதோட பெட்டியைக் கண்டவை பெட்டியைத்தான் நினைவு வைப்பினம், வட்டியை ஒருத்தரும் கேட்காயினம். அதுக்குப் பதிலா ஒரு தவணை அட்டையை 4 அடிக்கு 3 அடியாப் பெருப்பிச்சுக் காவுங்கோ. உண்மையான அட்டை வேண்டாம், பேரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கும். உதாரணக் கணக்கு எழுதுங்கோ: கடன் 60,000, நூற்றுக்கு 28 நிலையான வட்டி, 52 கிழமை. வட்டி 16,800. கிழமைத் தவணை 1,477. அரை வருசத்தில பாதி முதல் கட்டி முடிஞ்சாலும் வட்டி முழு 60,000க்கும்தான் ஓடும். குறைஞ்சுவாற மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது 28 இல்லை, கிட்டத்தட்ட 50. அந்த 50ஐ மட்டும் சிவப்பில எழுதுங்கோ. கொம்பனிப் பேர் எழுதாமல் செய்கையை எழுதுங்கோ. மானநட்டக் குற்றவியல் சட்டம் 2002இலயே நீங்கினாலும் சிவில் வழக்குப் போடலாம்.

வாசலில குந்திறதும் கூடாது. அது மற்ற ஆக்களின்ர ஊர்வலம். நடுவில நீங்கள் நிண்டால் முன்னுக்குப் போறவை 100 மீற்றர் விலகிடுவினம், பின்னுக்கு வாறவை வந்து முட்டுவினம். அந்த இடைவெளிக்குள்ள ஓட்டோவும் மோட்டச்சைக்கிளும் பூரும், பொலிசும் வரும். கொம்பனிக்கு முன்னால வேலைநாளில தனியா அறிவித்தல் குடுத்துச் செய்யுங்கோ. மே தினத்தில அவை பூட்டித்தான் இருப்பினம்.

ஒலிபெருக்கி பூட்டின உழவு மெசினுக்குப் பின்னால இடம் தந்தால் வாங்காதேங்கோ. புகையும் சத்தமும் உங்களை விழுங்கிவிடும். கோசம் சொல்லுறவ முன்னுக்கு நிக்காமல் அணிக்கு நடுவில நிக்க வேணும், கடைசி வரிசைக்கும் கேட்கும். வைத்தியசாலை வீதியால போறதெண்டால் போதனா வைத்தியசாலை மதில் தொடங்கி முடியும்வரை வாய் திறக்காமல், அட்டையைத் தலைக்கு மேல பிடிச்சபடி நடவுங்கோ. நோயாளருக்கு அது நாங்கள் குடுக்கவேண்டிய மரியாதை.

சங்கானைச் சந்தை:
கோசம் பற்றி. 1966 ஒக்ரோபர் 21 சுன்னாகத்தில இருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிரா வெளிக்கிட்ட ஊர்வலத்தைப் பொலிஸ் அடிச்சது. "சாதி அமைப்புத் தகரட்டும், சமத்துவ நீதி ஓங்கட்டும்" எண்ட கோசம் இண்டைக்கும் சனத்தின்ர வாயில நிக்குது. இரண்டு துண்டும் ஒரே நடை, ஒராள் சொல்ல மற்றாக்கள் மூச்சு வாங்காமல் திருப்பலாம். உங்கட கோரிக்கைக்கு: "இருட்டினால் படலை தட்டாதே! கூட்டுறவுக் கடன் தா!" முதல் வரி இடைவெளியோட சரியா 15 எழுத்து, சோளகம் சொன்ன பதாகைக்குள்ள அடங்கும்.

படலையடி:
எல்லாருக்கும் நன்றி. சவப்பெட்டிக் கதையை இண்டைக்கே கதைச்சு முடிக்கிறன். முகம், பிள்ளையள், வெயில் இது மூண்டும் மிச்சம்.

முற்றவெளி:
முகத்தை மூடிக் கட்டினால் பொலிஸ் கேள்வி கேட்கும். அகலக் கரை வைச்ச பனையோலைத் தொப்பி போடுங்கோ, வெயிலுக்கும் ஆச்சு, மேலயிருந்து எடுக்கிற படத்தில முகமும் தெரியாது. படத்துக்குச் சம்மதிச்சவை முன் வரிசையிலயும் கரையிலயும், மற்றவை வரிசை நடுவில. உங்கட ஆக்களே நேரலை போட்டு முகங்களைக் காட்டிக் குடுக்காமல் முதலே சொல்லிவையுங்கோ. பிள்ளையளை நடத்த வேண்டாம். சுப்பிரமணியம் பூங்காவில இரண்டு பேரோட விட்டால் முடியிற இடத்துக்குக் கிட்ட.

ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணி, பாதிவழியில ஒரு ஓட்டோவில நிக்கட்டும். ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச்சீனித் தூள்) ஒரு பைக்கற்றுக்குச் சரியா ஒரு லீற்றர் தண்ணி, குறைச்சுக் கரைக்கக் கூடாது. விடுமுறை நாளில பின்னேர பஸ் குறைவு, திரும்பிப் போற வானை இப்பவே பேசி வையுங்கோ.