வீட்டில் செய்த புல்வெட்டிக் கருவிகள்: காப்புரிமைக்கு அலைந்தவர்களும் விற்றுப் பார்த்தவர்களும் அனுபவத்தை எழுதுங்கள்

திங்கள்சந்தை புல்தரைக்காரர்

பிரஷ் கட்டர் பிடித்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்பது உடனே விளங்கும். தோளில் தொங்கும் இயந்திரத்தை இடமும் வலமுமாக வீசிக்கொண்டு போகையில் கை சற்றே தாழ்ந்தால் புல்தரையில் வட்டமாக மொட்டை விழும். வீட்டுக்காரர் அந்த மொட்டையைத்தான் பார்ப்பார், ஒழுங்காக வெட்டிய மீதி இடத்தைப் பார்க்க மாட்டார். கடற்கரை விடுதிகளிலும், வளைகுடாவில் இருப்பவர்களின் வீடுகளிலும் கொரியன் புல் பராமரிப்பது என் தொழில். நீலநிறப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை அரைவட்டமாக அறுத்து, குழந்தைகள் சைக்கிளின் இரண்டு சிறு சக்கரங்களை அதன் அடியில் பொருத்தி, இயந்திரத்தின் குழாயில் மாட்டுகிற தாங்கி ஒன்றைச் செய்தேன். வெட்டும் உயரம் மாறாது, கல்லும் காலில் தெறிக்காது. 26 மில்லிமீட்டர் குழாய்க்கும் 28 மில்லிமீட்டர் குழாய்க்கும் ஒரே பிடி பொருந்த வேண்டும் என்று துளையிட்டபோது டிரில் வழுக்கி, ஒரு விரற்கடை தள்ளி வேண்டாத மூன்றாவது துளை ஒன்று விழுந்துவிட்டது. அதை அடைக்காமலே விட்டுவிட்டேன்.

மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்கு பிரஷ் கட்டரில் புல்லை வெட்டும் நைலான் நூல் வாங்கப் போனபோது, அங்கு வந்திருந்த விற்பனைப் பிரதிநிதி ஒருவர் என் வண்டியில் இருந்த தாங்கியைப் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்தார். "அண்ணாச்சி, இதக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். எட்டு மாதம் கழித்து அதே கடையில் அதே தாங்கி தொங்கியது. பீப்பாய்க்குப் பதில் வார்த்த பச்சைப் பிளாஸ்டிக், விலை என் விலையில் பாதி. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது துளையும் இருந்தது.

இனி நான் காப்புரிமைக்கு விண்ணப்பித்தால் பயன் உண்டா?

தக்கலை லேத்துப் பட்டறை

அண்ணாச்சியின் வருத்தம் புரிகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சக்கரம் வைத்தால் உயரம் மாறாது என்பது பிரஷ் கட்டர் வைத்திருக்கும் எவருக்கும் என்றாவது ஒருநாள் தோன்றக்கூடியதுதான். என் பட்டறைக்கே இதுவரை நான்கு பேர் வெவ்வேறு சக்கரங்களோடு வந்திருக்கிறார்கள். மூன்றாவது துளையை வைத்து மட்டும் திருட்டு என்று தீர்மானித்துவிட முடியாது. மழைத்தண்ணீர் வடிவதற்காக அவர்களே வைத்ததாகவும் இருக்கலாம்.

என்னை உறுத்துவது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் குலசேகரம் பக்கத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார். ரப்பர் தோட்டத்தில் மரத்தின் அடியைச் சுற்றி வெட்டும்போது பட்டையில் அடிபடாமல் இருக்க ஏதோ ஓர் அமைப்பை யோசித்து வைத்திருந்தார். நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் படம் வரைந்து கொண்டுவந்தவர், அதை என் மேசையில் விரித்ததும் பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். தெரிந்த பாதியை மட்டும் காட்டி, "இந்த அளவுக்குக் கடைஞ்சு தந்தா போதும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பையனும் சிரித்தான். அவர் தாளை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "பரவால்ல தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை. திங்கள்சந்தை அண்ணாச்சி டேப்பின் முனையைப் பிடித்த கதையைப் படித்தபோது, அந்த உள்ளங்கைதான் நினைவுக்கு வந்தது.

குளச்சல் கரைக்காரன்

காப்புரிமை பற்றி நான் பேசப்போவதில்லை. விற்பனை பற்றி மட்டும். நைலான் நூல் விலை கட்டுப்படியாகாமல், எங்கள் ஊரில் மலிவாகக் கிடைக்கும் தங்கூசி என்னும் மீன்பிடி நரம்பைச் சுற்றிப் போடுவதற்கு ஏற்ற, பிரஷ் கட்டரின் முனையில் சுழலும் தலை ஒன்றை நான் செய்தேன். முதலில் என் தென்னந்தோப்பில் வெட்டிப் பார்த்தேன், அருமையாக வெட்டியது. இது உலகத்தில் எவருக்கும் தோன்றாதது என்று நம்பி, ஒருவர் சொன்னார் என்று காப்புரிமை முகவரிடமும் போனேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, பாப்கார்ன் டப்பாவில் துளையிட்டு மீன்பிடி நரம்பைச் செருகி, 1971-ஆம் ஆண்டிலேயே இதைச் செய்துவிட்டார். மீன்பிடி நரம்பு! எங்கள் கரையில் குழந்தைகூடப் பிடித்து விளையாடும் பொருள்.

சரி, காப்புரிமை போகட்டும், விற்போம் என்று 350 ரூபாய் விலையில் இருபது தலைகள் விற்றேன். மூன்றாவது வாரம் கருங்கலிலிருந்து ஒருவர் தினத்தாளில் ஏதோ ஒன்றைப் பொதிந்து கொண்டுவந்து, என் முன்னால் வைத்துப் பிரித்தார். உள்ளே சுற்றியிருந்த தங்கூசி முழுவதும் சூட்டில் உருகி ஒன்றோடொன்று ஒட்டி, கருப்பட்டிக் கட்டி போல இருந்தது. அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் தலை எவ்வளவு சூடாகும் என்பதை நான் சோதித்துப் பார்க்கவே இல்லை; என் தோப்பில் பத்து நிமிடத்துக்கு மேல் நான் வெட்டியதில்லை. அவர் திட்டவில்லை. அதனால்தான் இன்றும் மறக்க முடியவில்லை. இருபது பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அருமனை ஆசிரியை

என் அப்பாவின் அனுபவத்தை எழுதுகிறேன். அவர் பள்ளிக்கூடத்து மைதானத்தின் ஓரங்களைச் சீராக வெட்டுவதற்கு, பழைய சைக்கிளின் பல்சக்கரத்தையும் சங்கிலியையும் வைத்துத் தள்ளுகிற ஓரவெட்டி ஒன்றைச் செய்தார். பெட்ரோல் வேண்டாம், சத்தமும் இல்லை. யாருக்கும் காட்டாமல் முதலில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து, பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பையும் கொடுத்தோம். எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தோம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கை வந்த அன்று மாலை நான்தான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கேட்டார். வெளிநாட்டுக் காப்புரிமை ஆவணங்கள் இரண்டைச் சுட்டிக்காட்டி, அப்பா செய்ததில் பெரும்பகுதி அவற்றில் ஏற்கெனவே இருப்பதாக எழுதியிருந்தார்கள். அவற்றில் ஒன்று அப்பா பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தது. அதில் இருந்த படத்தை அலைபேசியில் பெரிதாக்கிக் காட்டினேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். அழுதுவிடுவார் என்று நான் பயந்தேன். அவர் நிமிர்ந்து, "அப்பம் நான் நினைச்சது சரிதாம்லா?" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஆறு மாதத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும், வேறுபாடுகளை மட்டும் வைத்து, எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எழுதும் கோரிக்கைகளைச் சுருக்கலாம் என்றார்கள். அவருக்கு அதில் ஆர்வமே இல்லாமல் போய்விட்டது. அன்று நான் வற்புறுத்தியிருக்க வேண்டுமா என்று இன்றுவரை தெரியவில்லை.

கோணம், ஓய்வுபெற்ற பயிற்றுநர்

மேலே எழுதியவர்களில் பலர் காப்புரிமை என்றாலே ஏமாற்றம் என்பது போல எழுதியிருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். என் சொந்த அனுபவம் சிறியது: கல்லூரிக் கண்காட்சி ஒன்றுக்கு நடுவராகப் போயிருந்தபோது, வெட்டிய புல்லை அப்படியே பொடியாக்கித் தரையிலேயே பரப்பும் இயந்திரத்தை ஒரு மாணவர் அழகாக விளக்கினார். நான் முதல் பரிசு கொடுத்தேன். மேடையிலிருந்து இறங்கிய பிறகுதான், "விண்ணப்பித்துவிட்டாயா?" என்று கேட்டேன். "பரிசு கிடைத்தால் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தேன் சார்" என்றார். அவர் கையில் கோப்பை இருந்தது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. காட்டிய பிறகு விண்ணப்பிப்பதற்கு, மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டுமே பன்னிரண்டு மாதச் சலுகை உண்டு. ஊர்க் கண்காட்சிகளுக்குக் கிடையாது.

திங்கள்சந்தை நண்பருக்கு என் கேள்வி: பிரதிநிதியிடம் காட்டுவதற்கு முன்பே அதை வேறெங்காவது காட்டினீர்களா, விற்றீர்களா, காணொளி எடுத்துப் போட்டீர்களா? ஒருவர் நம்மிடமிருந்து பெற்றதை நம் சம்மதமின்றி வெளியிட்டால், அதை அறிந்ததும் தாமதிக்காமல் விண்ணப்பித்தவருக்குக் காப்புரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு ஓரளவு கைகொடுக்கும். நீங்களே வெளியிட்டிருந்தாலோ, வணிகமாக விற்றிருந்தாலோ அந்த வழி அடைபட்டுவிடும். இன்னொன்று, தக்கலை நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. தெரிந்த பொருள்கள் தனித்தனியே தத்தம் வேலையைச் செய்ய, அவற்றை வெறுமனே சேர்த்து வைப்பது 3-ஆம் பிரிவின்படி கண்டுபிடிப்பே ஆகாது. பீப்பாயும் சக்கரமும் சேர்ந்ததால் புதிதாக என்ன நிகழ்ந்தது என்பதைக் காட்ட வேண்டும். இரண்டு அளவுக் குழாய்க்கும் பொருந்தும் அந்தப் பிடியில்தான் உங்கள் உழைப்பு இருக்கிறது என்பது என் கருத்து. இயந்திரத்தின் தோற்றம் மட்டுமே புதிது என்றால் வடிவமைப்புப் பதிவு போதும். பத்து ஆண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டும் பாதுகாப்பு உண்டு, ஆனால் அது இயங்கும் முறையைக் காக்காது.

செலவைப் பற்றிப் பலரும் பூதம் காட்டுகிறார்கள். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய், ஆய்வு கோரும் 18-ஆம் படிவத்துக்கு 4,000 ரூபாய். அந்தப் படிவத்தை 31 மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகிவிடும், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் மாநிலத்துக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. நேரில் போக வேண்டியதில்லை. படிப்பும் பின்புலமும் இல்லாத கண்டுபிடிப்பாளர்களுக்கென்று 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு குஜராத்திலிருந்து இயங்கும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை, தகுதியானவற்றுக்குத் தானே விண்ணப்பிக்கிறது. விண்ணப்பிக்காமலே கருவியில் 'காப்புரிமை பெற்றது' என்று ஸ்டிக்கர் ஒட்டுவதை மார்த்தாண்டம் சந்தையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போதைய சட்டப்படி அதற்குப் பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு.

உலகின் முதல் புல்வெட்டும் இயந்திரத்துக்கு 1830-இல் காப்புரிமை பெற்ற எட்வின் பட்டிங், இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் நகரத்துத் துணி ஆலையில் துணியின் மேற்பஞ்சைச் சீவும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் அதைச் செய்தார். பிறகு ரான்சம்ஸ் போன்ற தயாரிப்பாளர்கள் அவரிடம் உரிமம் வாங்கித்தான் தயாரித்தார்கள். முதலில் தாள், பிறகுதான் டீ. தக்கலை நண்பர் அந்தப் பெரியவரைப் பார்த்துச் சிரித்திருக்கக் கூடாது.

தக்கலை லேத்துப் பட்டறை

சிரித்தது உறுத்துகிறது என்று நானேதான் எழுதியிருக்கிறேன், ஐயா. ஆனால் நீங்கள் சொன்ன 1,600 ரூபாய் அரசுக் கட்டணம் மட்டும். கோரிக்கைகளை முறையாக எழுதித் தரும் முகவருக்குக் கொடுக்க வேண்டியது அதைப் போலப் பல மடங்கு. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டணம் வேறு. இத்தனையும் செய்து காப்புரிமை கிடைத்த பிறகு, யாராவது நகலெடுத்தால் வழக்குப் போட வேண்டியவரும் நாமே. அரசு வந்து போடாது. மாதத்துக்கு மூன்று தாங்கி விற்பவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்? பட்டிங்குக்கும் பல்லாஸுக்கும் கிடைத்த சந்தை வேறு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, புல் வளர்வது நிற்பதே இல்லை, வெட்டுகிறவர்களும் ஏராளம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் 200 ரூபாய் குறைவு என்றால் நகலைத்தான் வாங்குவார்கள். இதைக் குறை சொல்லவில்லை, பட்டறையில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன்.

திங்கள்சந்தை புல்தரைக்காரர்

கோணம் சார் கேட்டதற்குப் பதில்: ஆமாம். பிரதிநிதியைப் பார்ப்பதற்கு மூன்று மாதம் முன்பே என் அக்கா மகன் காணொளி எடுத்து முகநூலில் போட்டிருந்தான். நான்தான் போடச் சொன்னேன். ஆறு தாங்கிகள் விற்றும் இருந்தேன். ஆகவே வழி அடைபட்டது என்று புரிந்துகொள்கிறேன். அந்தக் காணொளி இருப்பதால் பச்சைத் தாங்கிக்காரரும் காப்புரிமை வாங்க முடியாது என்று முகவர் ஒருவர் சொன்னார். அதில் எனக்கு எவ்வளவு ஆறுதல் என்பதைச் சொல்லத் தெரியவில்லை.

தக்கலை தம்பிக்கு ஒரு செய்தி. சென்ற வாரம் இரணியலிலிருந்து ஒருவர் பச்சைத் தாங்கியைப் பழுது பார்க்க என்னிடமே கொண்டுவந்தார். பிடி ஆடுகிறது, இரண்டு போல்ட்டும் நிற்கவில்லை என்றார். திருப்பி வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். தண்ணீர் வடிவதற்கான துளை என்றால் பள்ளமான பக்கத்தில் இருக்க வேண்டும். அது மேட்டில் இருந்தது. அந்த மூன்றாவது துளையிலேயே ஒரு போல்ட்டைக் கொடுத்து, பின்னால் வாஷர் வைத்து முறுக்கினேன். ஆட்டம் நின்றுவிட்டது. 60 ரூபாய் வாங்கினேன்.