வேர்டுக்குள் போனதும் மங்கிப்போகும் கிராஃப்: உங்களுக்கு எங்கே மாட்டியது?

வாளையார்க்காற்று:
கஞ்சிக்கோட்டுக் காற்றுவேகத் தரவு, கிராஃப் வரைய மேட்லேப், எழுத வேர்டு. முன்கதை அவ்வளவுதான், மற்றது எல்லோருக்கும் தெரிந்த பாதை.

படம் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) பிஎன்ஜி. அகலம் 16 செ.மீ, அதாவது 3780 பிக்செல். வேர்டில் செருகியபோது ஊசிமுனை மாதிரி இருந்தது. சேமித்து மூடி, மறுநாள் பாலக்காட்டில் ஒரு டிடிபி கடையில் திறந்தால் ஆக்சிஸ் எண்களெல்லாம் தண்ணீர் பட்ட மை. கடையில் பிரிண்டரைக் குறை சொன்னார்கள், பிரிண்டர் பாவம். டாக்எக்ஸ் கோப்பு என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப்தான். கோப்பை நகலெடுத்து, பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்து, 'வேர்டு' ஃபோல்டருக்குள் இருக்கும் 'மீடியா' ஃபோல்டரைப் பார்த்தால் படத்தின் அகலம் 1386 பிக்செல்!

16-ஐ 2.54-ஆல் வகுத்து 220-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 1386. சேமிக்கும்போது வேர்டு தானாக 220 பிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 220 பிக்செல்) இறக்கிவிடுகிறது. இது தெரியாமல் 1200 டிபிஐ-யில் எடுத்துக் கொடுத்தாலும் உள்ளே தங்குவது அந்த 1386தான். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, 'இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி' என்ற பகுதி. அங்கே படங்களைச் சுருக்காதே என்ற டிக். படத்தைச் செருகுவதற்கு முன்பே அதைப் போட்டுவிட வேண்டும்.

அந்த 1386 இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கு எங்கே மாட்டியது என்று எழுதுங்கள்.

கம்பம்மெட்டு:
முல்லைப் பெரியாறு நீர்மட்டம், ஒரு வருடம், நாளுக்கு ஒரு புள்ளி. குறுக்கே மூன்று கிடைக்கோடு: 136, 142, 152 அடி. எது எதற்கு என்று இந்தப் பக்கம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. திரையில் சிவப்பு, பச்சை, நீலம். ஜெராக்ஸ் கடையில் கருப்பு வெள்ளை லேசரில் ஐந்து பிரதி. வைவாவில் வெளித் தேர்வாளர் நடுக்கோட்டில் விரலை வைத்து, "இது உச்ச நீதிமன்றம் சொன்ன மட்டமா, அதற்கு முன்பு இருந்ததா?" என்று கேட்டார். மூன்றும் ஒரே சாம்பல். எந்தக் கோடு எது என்று சொல்லும் லெஜண்டிலும் மூன்று சாம்பல் கோடு.

சிவப்பும் பச்சையும் சாம்பலாக மாறினால் பல சமயம் கிட்டத்தட்ட ஒரே அடர்த்திதான். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. ஒன்று முழுக்கோடு, ஒன்று விட்டுவிட்டு, ஒன்று புள்ளிக்கோடு. லெஜண்டையே எடுத்துவிட்டு, கோட்டின் வலது முனையில் '142' என்று எழுதிவிட்டால் கேள்விக்கே இடமில்லை. மஞ்சளும் வெளிர்நீலமும் வெள்ளைத்தாளில் அறவே நிற்காது.

இன்னொன்று: வெப்பவரைபடம் போடுகிறவர்கள் பழைய 'ஜெட்' நிறவரிசையை விடுங்கள். அதன் கருநீலமும் கருஞ்சிவப்பும் சாம்பலில் ஒன்றாகிவிடும், கூடியதும் குறைந்ததும் ஒரே நிறம். மேட்லேப் 2014-லேயே பருலாவுக்கு மாறிவிட்டது, பைத்தானில் படம் வரையும் மேட்பிளாட்லிப் 2017-ல் விரிடிஸுக்கு. இன்னும் ஜெட்டைத் தேடிப்பிடித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

செங்கோட்டைலைன்:
வாளையார் அண்ணாச்சி, கோட்டுப்படத்துக்கு பிஎன்ஜி எதுக்கு என்று முதலில் கேட்டிருக்கணும். 220-ஆ 600-ஆ என்ற சண்டையே வெக்டரில் கிடையாது, அது பிக்செலாக இல்லாமல் கோடாகவே சேமிப்பது. மேட்லேப் 2020-ஏ பதிப்பிலிருந்து எக்ஸ்போர்ட்கிராஃபிக்ஸ் என்ற கட்டளை இருக்கு. கன்டென்ட்டைப் என்பதை வெக்டர் ஆக்கினால் பிடிஎஃப், இபிஎஸ், விண்டோஸில் இஎம்எஃப் மூன்றும் வரும்.

அச்சுக்கோக்கும் மென்பொருளான லேடெக்குக்கு பிடிஎஃப். வேர்டுக்கு இஎம்எஃப். எஸ்விஜி வேண்டுமென்றால் பழைய பிரிண்ட் கட்டளையில் எடுக்கலாம், ஆனால் அதை ஏற்க வேர்டு 2019-ஓ அதற்குப் பிந்தியதோ, இல்லை 365-ஓ வேணும். இபிஎஸ்-ஐ வேர்டில் செருகப் பார்க்காதீங்க. 2017-ல் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்போடு அந்தக் கதவை அடைச்சாச்சு. இன்னும் பழைய கையேட்டைப் பார்த்து இபிஎஸ் எடுத்துக்கிட்டு, படம் ஏன் வரலை என்று கேட்கிறவங்க உண்டு.

எனக்கு உறுத்தினது வேற. பிடிஎஃப் எடுத்தால் வெக்டர் என்று நம்பின ஒரு கோப்பு. 6400 சதவீதம் பெரிதாக்கினால் படிக்கட்டு! வெளியே பிடிஎஃப், உள்ளே பிக்செல். படம் சிக்கலாக இருந்தால், குறிப்பா முப்பரிமாணப் பரப்போ ஒளிபுகும் நிறமோ இருந்தால், மேட்லேபின் பல பதிப்புகள் சத்தமில்லாமல் பிக்செலாக வரையும் ஓபன்ஜிஎல்லுக்குத் தாவிவிடும். அவற்றில் ரெண்டரரை, அதாவது வரையும் முறையை, பெயின்டர்ஸ் என்று கட்டாயப்படுத்தணும். பிடிஎஃப்இமேஜஸ் என்ற சின்னக் கருவியைப் பட்டியல் விருப்பத்தோடு ஓட்டினால் உள்ளே எத்தனை பிக்செல் படம் ஒளிஞ்சிருக்கு என்று சொல்லிவிடும். கோட்டுப்படத்துக்குப் பட்டியல் காலியா வரணும்.

ஜேபெக் பக்கம் போகவே போகாதீங்க. அது எட்டுக்கு எட்டுக் கட்டமாக வெட்டிச் சுருக்குவது. முகத்துக்குச் சரி, கருப்புக் கோட்டின் ஓரத்தில் கொசு மொய்த்த மாதிரி அழுக்கு வரும். அப்புறம் பிஎன்ஜி-யாகச் சேமிச்சாலும் அழுக்கு அழுக்குத்தான். படத்தை வாட்சப்பில் போட்டோவா அனுப்புறவங்களுக்கும் இதே கதிதான், டாக்குமெண்ட்டா அனுப்பணும்.

கொழிஞ்சாம்பாறை:
செங்கோட்டைத் தம்பி சொல்றதுல பாதி சரிங்க. மீதிப் பாதிதான் ஆளை மாட்டிவிடும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு அளவு என்றால் ஒரு வருடத்துக்கு 52,560 புள்ளி. ஆறு காற்றளவுக் கோபுரம் ஒரே ஸ்கேட்டர் (புள்ளிகளாகப் போடும்) படத்தில், மூன்று லட்சத்துக்கு மேல். வெக்டரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனிப் பொருள், ஒன்றன்மேல் ஒன்று மறைந்திருந்தாலும் எல்லாமே கோப்பில் இருக்கும். அந்தப் பக்கம் வந்ததும் கடைப் பிரிண்டர் நின்றது. விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது. பின்னால் வரிசையில் ஹால் டிக்கெட் எடுக்க வந்த பிள்ளைகள். அந்த மின்னல்தான் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்குதுங்க.

புள்ளிக்கூட்டத்தை மட்டும் பிக்செலாக்கி, ஆக்சிஸ், எழுத்து, கோடு எல்லாம் வெக்டராக விடலாம். மேட்பிளாட்லிப்பில் அந்த ஸ்கேட்டருக்கு மட்டும் ராஸ்டரைஸ்டு என்பதை ட்ரூ ஆக்கி, பிடிஎஃப் சேமிக்கும்போது டிபிஐ 600 கொடுத்தால் போதும். அப்போது தம்பியின் பட்டியலில் ஒரு படம் காட்டும், பயப்பட வேண்டாம், அது நாமே வைத்தது. லேடெக்குக்குள்ளேயே பிஜிஎஃப்பிளாட்ஸில் வரைகிறவர்களுக்கு இத்தனை புள்ளி ஆகாது, நினைவகம் தீர்ந்து 'கொள்ளளவு மீறியது, மன்னிக்கவும்' என்று லேடெக்கே சொல்லும். லுவாலேடெக் கொஞ்சம் தாங்கும். நெருக்கமான கூட்டத்தில் மட்டும் பத்துக்கு ஒரு புள்ளி எடுத்தாலே பார்வைக்கு வித்தியாசம் தெரியாதுங்க.

நிறம் நிரப்பிய கான்டூரையும் (சமமதிப்புக் கோட்டுப் படம்) வெக்டரில் எடுத்துப் பாருங்கள், பட்டைகளுக்கு நடுவே மயிரிழை போல வெள்ளைக்கோடு ஓடும். தரவில் பிழை என்று நினைத்து ஒரு வாரம் தேடினவர்கள் உண்டு. அது பிடிஎஃப் காட்டும் மென்பொருள் ஓரங்களை மென்மையாக்குவதால் வருவது. விளிம்பு நிறத்தையும் உள்நிறமாகவே வைத்தால் மறையும், இல்லையென்றால் அதையும் பிக்செலாக்கிவிடுங்கள்.

இன்னும் ஒன்று. இபிஎஸ்ஸில் ஒளிபுகும் நிறம் கிடையாது, இஎம்எஃப்பிலும் அதை நம்ப முடியாது. பிழைவரம்பைக் காட்டும் வெளிர்ப்பட்டை அடர்நிறமாகி நடுக்கோட்டை விழுங்கிவிடும். வெளிர்நிறத்தையே நேராகக் கொடுத்து, பட்டையை முதலில், கோட்டை அதன்மேல் வரைய வேண்டும்.

செங்கோட்டைலைன்:
அக்கா, மூணு லட்சம் புள்ளியை ஸ்கேட்டராப் போடுறதே தப்பு. இரண்டு பரிமாண ஹிஸ்டோகிராம் போடணும். கோட்டுப்படம் என்றுதானே நான் எழுதினேன்?

கொழிஞ்சாம்பாறை:
'பக்கம் போகவே போகாதீங்க' ரகமாத்தான் எழுதியிருந்தீங்க தம்பி. ஹிஸ்டோகிராம் சரி, ஆனால் விலகி நிற்கும் ஒற்றைப்புள்ளியைக் காட்டத்தான் அந்தப் படமே.

பாறசாலைமேற்கு:
உங்க சண்டை நடக்கட்டும். தமிழில் ஆக்சிஸ் பெயர் போட்டுப் பார்த்திருக்கீங்களா?

மேட்பிளாட்லிப். செங்குத்து ஆக்சிஸில் 'காற்றின் வேகம்'. படத்தில் வந்தது 'காற்றின் வகேம்'. இரண்டு முறை தட்டச்சைச் சரிபார்த்தாச்சு, தட்டச்சு சரி. பிழை எங்கே என்றால், யூனிகோடில் வகரத்துக்குப் பிறகுதான் ஏகாரக் குறி சேமிக்கப்படும். அதை முன்னால் இழுத்து வைப்பது எழுத்தைக் கோக்கும் இயந்திரத்தின் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் வந்த வரிசையிலேயே எழுத்தை அடுக்கினால் கொம்பு அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்காரும். 'கு', 'து' எல்லாம் ஒட்டாமல் தனித்தனியா நிற்கும். மேட்பிளாட்லிப்பின் பல பதிப்புகளில் இதுதான் நிலை, ஃபாண்ட் மாற்றினாலும் தீராது. மலையாளத்துக்கும் இதே கூத்து. இந்தப் பக்கம் பாறசாலை, அந்தப் பக்கம் களியக்காவிளை, இரண்டு மொழிக்காரரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கிறோம்.

ஏகாரக் குறியை வகரத்துக்கு முன்பே தட்டி ஏமாற்றலாம் என்று ஒருவர் சொன்னார். படத்தில் சரியாகத் தெரியும், ஆனால் பிடிஎஃப்பில் தேடினால் கிடைக்காது. வேண்டாம்.

வழி மூன்று இருக்கு. க்னூபிளாட் என்ற வரைமென்பொருளில் டெர்மினலை பிடிஎஃப்கைரோ என்று வைத்து, அளவு 8.5 செ.மீ, 6 செ.மீ, ஃபாண்ட் நோட்டோ சான்ஸ் தமிழ் 9 என்று கொடுங்க. உள்ளே எழுத்தைக் கோக்கும் பாங்கோ இருப்பதால் எழுத்து கோத்து வரும். கடைசியில் அவுட்புட்டை மூடும் வரியை விட்டால் கோப்பு பாதியில் நிற்கும், 'பழுதடைந்த கோப்பு' என்று வரும். ஆர் மொழியில் என்றால் ராக் என்ற தொகுப்பு பிஎன்ஜிக்கு நல்லது. மேட்பிளாட்லிப்பை விட மனசில்லாதவர்கள் பிஜிஎஃப் பின்தளத்தை எடுத்து, ஸீலேடெக்கோடு ஓட்டுங்க. மெதுவாக ஓடும், ஆனால் வேகம் வேகமாகவே வரும்.

எஸ்விஜி-யில் எழுத்தை எழுத்தாகவே விட்டு அனுப்பினால், தமிழ் ஃபாண்ட்டே இல்லாத கணினியில் வெறும் கட்டம்தான் தெரியும். இன்க்ஸ்கேப்பில் எழுத்தை வடிவக்கோடாக மாற்றிவிட்டு அனுப்பணும்.

நகரிரோடு:
திருத்தணிப் பக்கத்திலிருந்து ஒன்று. மங்கல் பிரச்சினை இல்லை, அதைவிட மோசம்.

எக்ஸெல் சார்ட்டை நகலெடுத்து வேர்டில் ஒட்டிய ஓர் அறிக்கை. மாங்காய் விளைச்சல், ஊர்வாரியாக ஏழு பட்டை. படம் சுத்தமாக இருந்தது. அறிக்கையைப் பெற்றவர் சார்ட்டின்மேல் வலது கிளிக் செய்து 'தரவைத் திருத்து' என்றதும் முழு ஒர்க்புக்கும் திறந்தது. பக்கத்து ஷீட்டில் விவசாயிகளின் பெயர், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு. ஒர்க்புக்கோடு ஒட்டு என்ற விருப்பத்தில் ஒட்டினால் சார்ட்டின் ஷீட் மட்டுமல்ல, எல்லா ஷீட்டும் உள்ளே போகும்.

வெளியே போகும் கோப்பில் சார்ட்டைச் சார்ட்டாக ஒட்டாதீர்கள். பேஸ்ட் ஸ்பெஷல், 'பிக்சர், என்ஹான்ஸ்டு மெட்டாஃபைல்'. வெக்டராகவே வரும், தரவு வராது. வாளையார் சொன்ன ஜிப் வித்தையிலேயே சோதிக்கலாம்: 'எம்பெடிங்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் தெரிந்தால் உள்ளே என்ன போயிருக்கிறது என்று திறந்து பாருங்கள்.

ஆரியங்காவு:
எல்லோரும் கோப்பு வகையைப் பற்றியே பேசுகிறீர்கள். படம் மோசமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அளவு.

இரண்டு பத்திப் பத்திரிகை, வெக்டர் பிடிஎஃப், எல்லாம் ஒழுங்கு. அச்சானதும் ஆக்சிஸ் எண்கள் கடுகு. படம் 16 செ.மீ அகலத்தில் 10 பாயிண்ட் எழுத்தோடு வரைந்தது. லேடெக்கில் பத்தி அகலத்துக்கு என்று செருகியதும் 8.5 செ.மீ ஆகிவிட்டது. எழுத்து 5.3 பாயிண்ட். மேட்லேபின் அரை பாயிண்ட் கோடு கால் பாயிண்டாகி, பாதி இடங்களில் அறுந்து தெரிந்தது. வெக்டர் ஆனால் என்ன, சின்னது சின்னதுதான்.

தாளில் வரப்போகும் அளவிலேயே வரையுங்கள். ஃபிகரின் அலகைச் சென்டிமீட்டர் ஆக்கி, அகலம் 8.5, உயரம் 6. எழுத்து 8 பாயிண்ட், கோடு 1 பாயிண்ட், ஆக்சிஸ் கோடு அரை. திரையில் தீப்பெட்டி மாதிரித் தெரியும், அப்படித்தான் தெரிய வேண்டும். பிறகு செருகும்போது அளவு மாற்றவே கூடாது.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. எக்ஸ்போர்ட்கிராஃபிக்ஸ் ஓரத்து வெள்ளையை வெட்டிவிடும், 8.5 கொடுத்தது 8.1 ஆகலாம். மேட்பிளாட்லிப்பில் 'டைட்' போட்டாலும் அதே. நான்கு படத்துக்கு நான்கு அகலம், செருகும்போது எல்லாவற்றையும் 8.5-க்கு இழுத்தால் நான்கு எழுத்தளவு. டைட்டை விட்டுவிட்டு, லேஅவுட்டை கன்ஸ்ட்ரெய்ன்டு என்று வையுங்கள், கேட்ட அகலம் அப்படியே வரும். மாநாட்டுத் தளம் 'டைப் 3 ஃபாண்ட்' என்று திருப்பியனுப்பினால் மேட்பிளாட்லிப்பின் ஃபாண்ட்டைப் எண்ணை 3-லிருந்து 42 ஆக்குங்கள்.

வாளையார்க்காற்று:
ஆரியங்காவு அண்ணே, அளவு விஷயம் உறைத்தது. ஆனால் என் ஆய்வு வழிகாட்டிக்கு வேர்டு மட்டும்தான் வேண்டுமாம், அதுவும் அவர் மேக்கில் திறப்பார். இஎம்எஃப் அங்கே நம்பிப் போடலாமா? இன்னொரு குழப்பம்: டிக் போட்ட பிறகும் மீடியா ஃபோல்டரில் அதே 1386 நிற்கிறது.

கொழிஞ்சாம்பாறை:
மேக்கில் இஎம்எஃப்பை நம்பாதீங்க. எஸ்விஜி போடுங்க, அவருடைய வேர்டு பழசென்றால் 600 டிபிஐ பிஎன்ஜி.

டிக் போட்டால் இழந்த பிக்செல் திரும்பி வராதுங்க. பழைய படத்தை அழித்துவிட்டு, மேட்லேப் கொடுத்த மூலக்கோப்பை மறுபடி செருக வேண்டும். அந்த டிக் அந்த ஒரு கோப்போடுதான் ஒட்டியிருக்கும். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு என்றால் ஒவ்வொன்றிலும் போடணும், அல்லது அந்தத் தலைப்புக்குப் பக்கத்திலுள்ள பெட்டியில் 'எல்லாப் புதிய ஆவணங்களும்' என்று மாற்றிவிட்டு ஆரம்பிக்கணும். பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது 'குறைந்த அளவு' என்பதைத் தொடாதீங்க, அங்கே இன்னொரு முறை சுருக்கிவிடும்.